பிளஸ் டூ வீட்டில் செய்யக்கூடாதவை

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் டிசம்பரிலிருந்தே ஒரு வாக்கியம் கேட்க ஆரம்பித்துவிடும்: "முதல்ல பரீட்சைய நல்லா எழுது, காலேஜை அப்புறம் பாத்துக்கலாம்." அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வீட்டின் பாதிப் பதற்றத்துக்கு வேர் இந்த வாக்கியம்தான் என்பது, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் எனக்கு வருடா வருடம் உறுதியாகிற விஷயம். அப்புறம் என்ன என்று தெரியாத பிள்ளைக்கு மார்ச் மாதப் பொதுத்தேர்வு ஒற்றைக் கதவாகத் தெரிகிறது. திறக்காவிட்டால் தெருவில் நிற்கவேண்டியதுதான் என்று அது தானாகவே முடிவுகட்டிக்கொள்கிறது. இந்த மதிப்பெண்ணுக்கு இது, கொஞ்சம் குறைந்தால் அது, இன்னும் குறைந்தால் மற்றொன்று என்று தெரிந்த பிள்ளையும் அதே கேள்வித்தாளைத்தான் எழுதுகிறது, ஆனால் கை நடுங்காமல் எழுதுகிறது.

இந்த "அப்புறம்" பல இடங்களுக்கு ரொம்பத் தாமதமும்கூட. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு டிசம்பரிலேயே முடிந்துவிடுகிறது. என்.ஐ.டி. போன்ற மத்திய அரசுப் பொறியியல் கல்லூரிகளுக்கான ஜே.இ.இ. மெயினின் முதல் சுற்று ஜனவரியில். ஃபேஷன் படிப்புக்கு நிஃப்ட், அறிவியல் ஆராய்ச்சிக்கு ஐசர், கணிதத்துக்குச் சிறுசேரியில் இருக்கிற சி.எம்.ஐ. என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நுழைவுத்தேர்வு, தனித்தனிக் கடைசித் தேதி. பெரும்பாலானவை பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே விண்ணப்பத்தை மூடிவிடும். மே மாதம் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு யோசிக்க உட்காரும் வீட்டுக்கு மிஞ்சுவது பொறியியல் கலந்தாய்வும் பக்கத்து ஊர்க் கலைக்கல்லூரியும்தான். அவற்றில் குறையொன்றுமில்லை. ஆனால் கணக்கென்றால் சோறு தண்ணி வேண்டாம் என்றிருந்த பையன் சி.எம்.ஐ. என்ற பெயரையே கேள்விப்படாமல் இவற்றில் ஒன்றில் போய் உட்காரும்போது வயிறு எரியத்தான் செய்கிறது.

இதற்கு அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஆசைப்படுவது, கிடைக்க வாய்ப்புள்ளது, எப்படியும் கிடைப்பது என்று ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் கடைசித் தேதிகளைக் குறித்து, பீரோக் கதவில் ஒட்டிவிடுங்கள். விண்ணப்பம் போடும் வேலையைப் பெரியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். பரீட்சை முடியும்வரை அந்தத் தாளைப் பற்றிப் பிள்ளையிடம் பேசவேண்டியதில்லை.

வீட்டு நிலவரத்தைக் கடைசியில் சொல்வது

எவ்வளவு பணம் கட்ட முடியும், எவ்வளவு தூரம் அனுப்புவோம் என்பதைப் பல பெற்றோர் ஜூலை வரை வாயே திறப்பதில்லை. "நீ எதை வேணாலும் படி கண்ணு, அப்பா இருக்கேன்" என்று இரண்டு வருடம் சொல்லிவிட்டு, கோவையில் இடம் கிடைத்த அன்று "ஹாஸ்டல் எல்லாம் சரிப்படாது" என்பார்கள். பெண் பிள்ளைகளுக்கு இது அதிகம் நடக்கிறது. என் வகுப்பில் நன்றாகப் படித்த சில பெண்கள் கடைசியில் வீட்டு வாசலுக்குக் கல்லூரிப் பேருந்து வருகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு கல்லூரியில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். வெளியூர் அனுப்பத் தயங்குவதை நான் குறை சொல்லவில்லை. தயக்கம் இருந்தால் பதினொன்றாம் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். அப்போதுதான் பேசித் தீர்க்க நேரம் இருக்கும், விடுதியை நேரில் போய்ப் பார்க்கவும் முடியும்.

பணமும் அப்படித்தான். உண்மைத் தொகையைச் சொன்னால் பிள்ளை மனம் ஒடிந்துபோகும் என்று நினைக்கிறோம். பதினேழு வயதுக்காரர்களுக்கு வீட்டு வருமானம் நன்றாகவே தெரியும். நாம் மறைக்கும்போதுதான், தன் படிப்புக்காக எதையோ விற்கப்போகிறார்கள் என்ற பயம் வருகிறது. தொகையைச் சொல்லுங்கள், கூடவே உதவிகளையும் சொல்லுங்கள். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கலந்தாய்வு வழியே சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அவர்களில் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை.

பரீட்சை நேரத்து அலம்பல்கள்

மதிப்பெண் கணக்கு தெரியாமல் திட்டுவது முதல் தவறு. பொறியியல் சேர்க்கைக்கான தரவரிசை மதிப்பெண்ணான கட்-ஆஃப் 200க்கு. கணிதம் 100 அப்படியே வரும், இயற்பியலும் வேதியியலும் பாதியாகச் சுருங்கி 50, 50 ஆகும். தமிழும் ஆங்கிலமும் அதில் சேராது. பொறியியல்தான் போகிறேன் என்று முடிவுசெய்த பிள்ளையை ஆங்கிலத்தில் ஆறு மதிப்பெண் போனதற்காக ஒரு வாரம் வாட்டுவதில் யாருக்கு என்ன லாபம்? கணிதத்தில் ஒரு மதிப்பெண் போனால் கட்-ஆஃபில் ஒன்று போகும், வேதியியலில் போனால் அரைதான். இந்தக் கணக்கை முதலில் பெற்றோர் தெரிந்துகொண்டால் வீட்டில் கத்தல் பாதி குறைந்துவிடும்.

பரீட்சை விட்டதும் பள்ளி வாசலிலேயே கேள்வித்தாளை வாங்கி "ஒன் வேர்டு எத்தனை சரி?" என்று டிக் அடிக்கும் அப்பாக்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். எழுதி முடித்ததை மாற்ற முடியாது. அடுத்த தேர்வுக்கு இரண்டோ மூன்றோ நாள்தான் இருக்கும், அதில் ஒரு நாள் இந்த விசாரணையில் போய்விடுகிறது. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்புங்கள்.

விடிய விடியப் படிக்க வைப்பதும் வேண்டாம். பதின்வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பதே மருத்துவப் பரிந்துரை. பகலில் படித்தது மூளையில் பதிவதும் அந்தத் தூக்கத்தில்தான். அந்த வயதில் உடலின் கடிகாரம் கொஞ்சம் பின்தள்ளிப் போவதால் இரவு பதினொன்றுக்கு முன் தூக்கம் வராமல் இருப்பது இயல்பு. அதிகாலை நாலு மணிக்குத் தண்ணீர் தெளித்து எழுப்பும் பழக்கம் தாத்தா காலத்தில் சரியாக இருந்திருக்கலாம். அன்றைக்குத் தாத்தா எட்டு மணிக்கே படுத்திருப்பார்.

கண் முன்னால் புத்தகம் இருந்தாலே படிக்கிறான் என்று நம்புவது இன்னொன்று. அதே பக்கத்தை ஐந்து முறை வாசித்தால் தெரிந்த மாதிரி இருக்கும், தேர்வறையில் வராது. புத்தகத்தை மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பதுதான் வேலைக்காகும். வீட்டில் யாராவது பத்து நிமிடம் புக் பேக் கேள்விகளைக் கேட்டால் போதும், கேட்பவருக்கு வேதியியல் தெரிந்திருக்க வேண்டியதுகூட இல்லை. செல்போனைப் பிடுங்குவது பற்றி ஒரு வரி: பிப்ரவரியில் திடீரென்று பிடுங்காதீர்கள், சண்டையில் போகிற நேரம் போனில் போகிற நேரத்தை விட அதிகம்.

ரிசல்ட் நாள்

மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிப்பதைத் தமிழக அரசு 2017லேயே நிறுத்திவிட்டது. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழு இன்னும் நிறுத்தவில்லை. அன்றைக்குப் போனை யார் எடுப்பது, என்ன சொல்வது என்று முந்தின நாளே முடிவுசெய்துகொள்ளுங்கள். "பாஸ் பண்ணிட்டா அத்தே, மார்க்கு அப்புறம் சொல்றோம்" என்பது முழுமையான பதில்தான்.

மதிப்பெண் எதிர்பார்த்ததை விட மிகக் குறைவாக இருந்தால் அழுது முடிப்பதற்குள் விண்ணப்பக் கெடு போய்விடும். விடைத்தாள் நகலை முதலில் கேட்டு வாங்க வேண்டும், அதைப் பாட ஆசிரியரிடம் காட்டிவிட்டு மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவெடுக்கலாம். ஒரு பாடத்தில் போய்விட்டால் ஒரு வருடம் போய்விட்டது என்று அலறுவதும் தப்பு. துணைத்தேர்வு சில வாரங்களிலேயே வருகிறது, அதில் தேறிய பிள்ளைகள் அதே ஆண்டு கல்லூரியில் சேர்ந்துவிடுகிறார்கள்.

ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். சாப்பாடும் தூக்கமும் நாள்கணக்கில் கெட்டுப்போவது, நண்பர்களிடம் பேச்சை அறுத்துக்கொள்வது, பிரியமான பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுப்பது, "நான் இல்லேன்னா உங்களுக்கு நிம்மதி" என்ற மாதிரிப் பேச்சு. இதையெல்லாம் நடிப்பு என்று தள்ளிவிடுவது ஆபத்து. "செத்துடலாம்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, பேச ஒரு வழி கிடைக்கும். அன்றைக்குத் தனியாக விடாதீர்கள். மாநில அரசின் 104, பள்ளிக் கல்வித்துறையின் 14417, மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416 மூன்றிலும் தமிழில் பேசலாம். பிள்ளை பேச மறுத்தால் பெற்றோரே கூப்பிட்டு ஆலோசனை கேட்கலாம்.

கலந்தாய்வில் சறுக்குவது

நல்ல கட்-ஆஃப் இருந்தும் ஏமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் ஆன்லைனில் நடக்கிறது. கணினி தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுத்து, அவருடைய விருப்பப் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுக்கிறது. அவ்வளவுதான் சூட்சுமம். ஆகவே கிடைக்குமோ கிடைக்காதோ என்று தோன்றும் கல்லூரியை மேலே போடுவதால் கீழே உள்ளது பறிபோகாது. "கிடைக்காததை எதுக்குப் போட்டுக்கிட்டு" என்று மாமா ஒருவர் சொல்ல, உறுதியாகக் கிடைக்கும் கல்லூரியை முதலில் வைத்தால் அதுவே கிடைக்கும். அதற்குக் கீழே எழுதிய எதையும் கணினி திரும்பிக்கூடப் பார்க்காது. எத்தனை விருப்பங்களும் கொடுக்கலாம் என்னும்போது பத்தோடு நிறுத்துவதும் வீண் கஞ்சத்தனம்.

ஒரு கல்லூரியில் போன வருடம் கடைசியாகச் சேர்ந்தவரின் கட்-ஆஃபை வேதவாக்காக எடுத்துக்கொள்வது அடுத்தது. கணித வினாத்தாள் எளிதாக வந்த ஆண்டில் சென்டம் குவியும், எல்லாக் கல்லூரியின் கட்-ஆஃபும் ஏறும். கடினமான ஆண்டில் இறங்கும். ஒப்பிட வேண்டியது தரவரிசை எண்ணை. போன ஆண்டு அந்தக் கல்லூரியில், அந்தப் பிரிவில், உங்கள் இனப்பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரின் ரேங்க் என்ன என்று பாருங்கள். விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கணினி தரும் ரேண்டம் எண் வந்ததும் அதையே ரேங்க் என்று நினைத்துப் பதறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எல்லாவற்றிலும் சமமாக நிற்கும் இருவரைப் பிரிக்க மட்டுமே அது பயன்படும்.

கல்லூரியைப் பெயரால் தேடாதீர்கள், கலந்தாய்வில் அதற்குத் தந்திருக்கும் எண்ணால் தேடுங்கள். ஒரே சாமி பெயரில், ஒரே அறக்கட்டளை பெயரில் பல கல்லூரிகள் இருக்கின்றன. பீளமேட்டில் உள்ள பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் எண் 2006, நீலாம்பூரில் உள்ள பி.எஸ்.ஜி. ஐடெக் வேறு கல்லூரி, வேறு எண். பாடப்பிரிவின் பெயருக்குப் பக்கத்தில் எஸ்.எஸ். என்றிருந்தால் அது சுயநிதிப் பிரிவு, கட்டணம் கூடுதல்.

பிரௌசிங் சென்டர்காரரின் செல்போன் எண்ணைப் பதிவுசெய்வதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். ஓ.டி.பி. அவருக்குப் போகும், பாஸ்வேர்டும் அவரிடம். சில ஏஜெண்டுகள் கமிஷன் தரும் கல்லூரியை மேலே ஏற்றிவிடுவதாகவும் புகார்கள் உண்டு. மாவட்டம்தோறும் உதவி மையங்கள் இருக்கின்றன, அங்கே காசு கேட்க மாட்டார்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு குறித்த நேரத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் கிடைத்த இடமும் போய்விடும். அந்த வாரத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போவதென்றாலும் போனையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

கல்லூரியை எடைபோட விளம்பரப் பலகை உதவாது. "100% பிளேஸ்மென்ட்" என்பதில் வேலைக்கான தேர்வை எத்தனை பேரை எழுதவிட்டார்கள் என்பது இருக்காது. தேசியத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.க்கு விண்ணப்பித்த கல்லூரிகள் கொடுத்த தரவு பொதுவெளியில் கிடைக்கும். எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, நடுநிலைச் சம்பளம் (பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ்) எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. தேசிய அங்கீகார வாரியமான என்.பி.ஏ.வின் அங்கீகாரம் பாடப்பிரிவுக்குத்தான் தரப்படுகிறது, கல்லூரி முழுவதுக்கும் அல்ல. மூன்றையும் பார்த்துவிட்டு, அங்கே இரண்டாமாண்டு படிக்கும் ஒரு அண்ணனையோ அக்காவையோ பிடித்து லேப் எப்படி, வாத்தியார்கள் அடிக்கடி மாறுகிறார்களா என்று கேளுங்கள்.

"சீட்டு போட்டு வெச்சுட்டோம்"

ரிசல்ட்டுக்கு முன்பே ஒரு தனியார் கல்லூரியில் முன்பணம் கட்டிவைப்பது இப்போது பெருமையாகவே சொல்லப்படுகிறது. நன்கொடை வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது, அதனால் ரசீது வேறு பெயரில் வரும் அல்லது வரவே வராது. கட்டினால் ரசீதோடு கட்டுங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது, விலகினால் எப்போது எவ்வளவு திருப்பித் தரவேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018இல் தெளிவாகவே அறிவித்திருக்கிறது. பிள்ளைக்கும் இதில் ஒரு சிக்கல்: லட்சம் கட்டியாகிவிட்டது என்று தெரிந்த பிறகு அவனால் கலந்தாய்வில் வேறு எதையும் மனசார விரும்ப முடியாது.

நீட், மறுபடியும் நீட்

மீண்டும் ஒரு வருடம் எழுதுவது தப்பில்லை, நன்றாக வந்தவர்கள் உண்டு. அந்த முடிவைப் பெற்றோர் எடுப்பதுதான் தப்பு. 720க்கு முதல் முறை எவ்வளவு வந்தது, எந்தப் பாடத்தில் போனது, இன்னொரு வருடம் அதே புத்தகங்களோடு உட்காரத் தனக்கு விருப்பமா என்று பிள்ளை தானே சொல்லட்டும். சரி என்றால், எத்தனை முறை என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். கால்நடை மருத்துவத்தின் மாநில ஒதுக்கீட்டு இடங்கள், வேளாண்மை, பி.ஃபார்ம். போன்றவை பிளஸ் டூ மதிப்பெண்ணிலேயே கிடைப்பவை. நீட்டுக்குப் படிக்கும் பிள்ளை என்பதால் அவற்றுக்கு விண்ணப்பிக்காமல் விட்டுவிடுவது ஆண்டுதோறும் நடக்கிறது.

சான்றிதழ்களுக்கு ஜூன் வரை காத்திருக்க வேண்டாம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வெளிமாநிலத்தில் படித்திருந்தால் இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாவற்றையும் தேர்வு முடிந்த கையோடு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடலாம். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குக் குடும்பத்தார் படிப்பு விவரமெல்லாம் கேட்பார்கள், கிராம நிர்வாக அலுவலர் விசாரித்துக் கையெழுத்திட நாளாகும். பெயரின் இனிஷியல் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருந்தால் அதையும் அப்போதே சரிசெய்துகொள்ளுங்கள்.