ஆப்-ஆம்ப்புக்கு சப்ளை வோல்டேஜ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிக்னலைப் பெருக்கும் ஐசியான ஆப்-ஆம்ப்பின் அவுட்புட்டில் அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்பட்டால், பலரும் முதலில் பெருக்கத்தைத் தீர்மானிக்கும் கெயின் ரெசிஸ்டர்களை மாற்றிப் பார்க்கிறார்கள். முதலில் அளக்க வேண்டியது சப்ளையை.

5 வோல்ட் கொடுத்தால் அவுட்புட்டும் 5 வோல்ட் வரை போகும் என்று நம்புவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. எல்எம்358 என்ற ஆப்-ஆம்ப் ஐசியின் அவுட்புட், பாசிட்டிவ் சப்ளைக்குச் சுமார் 1.5 வோல்ட் கீழேயே நின்றுவிடும். 0 முதல் 0.5 வோல்ட் தரும் சென்சாரை 10 மடங்கு பெருக்குகிறீர்கள் என்று வையுங்கள். சென்சார் 0.35-ஐத் தாண்டியதும் அவுட்புட் 3.5-க்கு மேல் ஏறாது; அதன் பிறகு ஏடிசி (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) ஒரே எண்ணைத்தான் காட்டும்.

ஐசிக்கு 9 வோல்ட் கொடுத்தால் இது சரியாகும். ஆனால் கோளாறு வந்தால் அவுட்புட் 7 வோல்ட்டுக்கு மேலும் எகிறும். அதனால் ஏடிசி பின்னுக்கு முன்னால் சீரியஸ் ரெசிஸ்டரும், வோல்டேஜை எல்லைக்குள் நிறுத்தும் கிளாம்ப் டயோடும் கட்டாயம் வேண்டும். 5 வோல்ட்டிலேயே ஓடும் ரெயில்-டு-ரெயில் (அவுட்புட் கிட்டத்தட்ட சப்ளை வரை போகும்) ஐசிக்கு மாறுவது இதைவிட நல்லது என்பேன். அங்கேயும் கவனம் தேவை: அந்த வகையைச் சேர்ந்த எம்சிபி6002 இயங்குவது 1.8 முதல் 6 வோல்ட் வரைதான், 9 வோல்ட் பேட்டரியை நேரே மாட்டினால் ஐசி போய்விடும்.

இன்புட்டுக்கும் எல்லை உண்டு, இதைப் பலர் பார்ப்பதே இல்லை. எல்எம்358 கிரவுண்ட் வரை உள்ள சிக்னலை ஏற்கும். டிஎல்072 என்ற இன்னொரு ஆப்-ஆம்ப் ஏற்காது, அதன் இன்புட் நெகட்டிவ் சப்ளையை நெருங்கினால் அவுட்புட் தலைகீழாக பாசிட்டிவ் பக்கம் தாவக்கூடும். ஒற்றை 5 வோல்ட்டில் அதைப் போடாதீர்கள்.

ஐசியில் கிரவுண்ட் என்று தனிப் பின் கிடையாது; இரண்டு சப்ளை பின்களுக்கு இடையிலான வோல்டேஜ்தான் கணக்கு. ±15 வோல்ட் சப்ளை என்பது அதற்கு 30 வோல்ட். 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரை ரெக்டிஃபை செய்தால் ஒரு பக்கம் 12 × 1.414, டயோடுக்கு 0.7 போக ஏறக்குறைய 16.3. இரண்டு பக்கமும் சேர்ந்தால் சுமார் 32.5! வழக்கமான எல்எம்358-இன் உச்ச வரம்பு 32. லோடு இல்லாதபோது வோல்டேஜ் இன்னும் ஏறும். நடுவில் 7812 (+12 வோல்ட்), 7912 (−12 வோல்ட்) ரெகுலேட்டர்கள் போடுங்கள்.

ஒற்றை 12 வோல்ட்டை இரண்டு 10 கிலோஓம் ரெசிஸ்டரால் பாதியாக்கி, அதையே கிரவுண்டாக வைப்பதும் தவறு. அந்தப் புள்ளியின் உள்தடை 5 கிலோஓம். 1 மில்லிஆம்பியர் இழுத்தாலே 5 வோல்ட் நகர்ந்துவிடும். ஐசியில் மீதமுள்ள ஆப்-ஆம்ப்பை, அந்த வோல்டேஜை நகராமல் அப்படியே தரும் பஃபராக்குங்கள். கெப்பாசிட்டரை அந்த இரண்டு ரெசிஸ்டர்களும் சேரும் முனையில் வையுங்கள்; பஃபரின் அவுட்புட்டில் நேரடியாக வைத்தால் பஃபர் ஆசிலேட் ஆகக்கூடும் (தானாகவே அலையத் தொடங்கும்).