சிலிண்டர் ஹெட்டைக் குடைவதா, வேறு வாங்குவதா? முடிவெடுக்கும்போது நேரும் தவறுகள்

சிங்கப்பூரில் காக்கி புக்கிட்டிலும் சின் மிங்கிலும் உள்ள பட்டறைகளுக்கு எஞ்சினின் வலுவைக் கூட்டும் ஆசையோடு செல்லும் நம்மவர் பலர், வால்வுகளைத் தாங்கி எஞ்சினின் மேல்மூடியாக இருக்கும் சிலிண்டர் ஹெட்டைக் குடைவதற்கு, அதாவது அதில் காற்று செல்லும் துளைகளைத் திருத்தும் போர்ட்டிங் செய்வதற்கு, எவ்வளவு ஆகும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். தம் எஞ்சினில் காற்று எங்கே தடைபடுகிறது என்பதை அதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டும். அதை அறியாமல் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வீணாகிறது.

அமெரிக்க எஞ்சின்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரையை அப்படியே இங்கே பின்பற்றுவது நான் அடிக்கடி காணும் தவறு. அங்கே செவ்ரோலெ, ஃபோர்டு வி8 எஞ்சின்களுக்கு அலுமினிய ஹெட்டுகளைப் பல நிறுவனங்கள் புதிதாக வார்த்து விற்கின்றன. பழைய இரும்பு ஹெட்டை நாள்கணக்கில் குடைவதற்கு ஆகும் கூலி, புதியதன் விலையை எளிதில் நெருங்கிவிடும் என்பதால், வாங்கிவிடுங்கள் என்று அவர்கள் சொல்வது அவர்களுக்குச் சரியே. நம்மிடம் இருப்பவையோ பெரும்பாலும் டொயோட்டா, ஹோண்டா போன்ற நான்கு சிலிண்டர் எஞ்சின்கள். அவற்றின் 16 வால்வு ஹெட்டுகள் தொழிற்சாலையிலிருந்தே ஓரளவு நன்றாக வருபவை. ஆகவே, இருப்பதைத் திருத்துவதா, அதே குடும்பத்து எஞ்சினின் மேம்பட்ட வகையிலிருந்து கழற்றிய ஹெட் ஒன்றைத் தேடுவதா என்பதே இங்கே பெரும்பாலும் எழும் கேள்வி.

துளை பெரிதானால் வலுவும் பெரிதாகும் என்ற நம்பிக்கை அடுத்த தவறு. டொயோட்டாவின் 1587 சிசி 4ஏ-ஜிஇ எஞ்சின் இதற்கு நல்ல பாடம். தொடக்கத்தில் அதன் உள்ளிழுப்புத் துளைகள் அகலமாக இருந்தன. குறைந்த சுழற்சியில் காற்றின் வேகம் தளர்ந்துவிடாதிருக்க, ஒவ்வொரு சிலிண்டருக்கும் உள்ள இரண்டு வழிகளில் ஒன்றை அடைத்து வைக்கும் டி-விஸ் என்ற அமைப்பையே சேர்க்க வேண்டியிருந்தது. 1989இல் டொயோட்டா துளைகளைச் சிறிதாக்கி, அந்த அமைப்பை நீக்கி, சிலிண்டரில் கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பதைக் குறிக்கும் அழுத்த விகிதத்தையும் கூட்டியது; எஞ்சினின் ஆற்றல் உயர்ந்தது. அழுத்த விகிதத்திற்கும் அதில் பங்குண்டு என்றாலும், துளை சிறுத்ததால் வலு குறைந்துவிடவில்லை என்பது தெளிவு.

உண்மையில் காற்று தடைபடுவது பெரும்பாலும், வால்வு மூடும்போது வந்து பொருந்தும் இருக்கையை ஒட்டிய கிண்ணப் பகுதியிலும், துளையின் தரை உள்ளே வளைந்து இறங்கும் இடத்திலும்தான். இருக்கையை மூன்று கோணங்களில் ஒழுங்காக வெட்டி, அதன் கீழுள்ள விளிம்பை இழைத்துவிட்டாலே பயனின் பெரும்பகுதி கிடைத்துவிடும் என்பது என் கருத்து. அதைக் கடந்து ஆசைப்பட்டுச் சுவரைத் தேய்ப்பவர்கள் ஹெட்டைக் குளிர்விக்கும் நீர் ஓடும் அறையைத் துளைத்துவிட்டு, நல்ல ஹெட்டையே இழந்திருக்கிறார்கள். உள்ளிழுப்புத் துளையைக் கண்ணாடிபோல் பளபளக்கச் செய்வதும் தேவையற்றது.

காற்றோட்ட அளவைக் காட்டும் எண்களை ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். 10 அங்குல நீர் உயரத்துக்குச் சமமான அழுத்தத்தில் நிமிடத்திற்கு 100 கன அடி காட்டும் அதே துளை, 28 அங்குலத்தில் ஏறத்தாழ 167 காட்டும். எந்த அழுத்தத்தில், வால்வு எவ்வளவு உயர்ந்த நிலையில் அளந்தார்கள் என்று சொல்லாத எண்ணை நம்பி எதையும் வாங்காதீர்கள். வால்வுகளைத் திறக்கும் தண்டான உங்கள் கேம், வால்வை 8 மில்லிமீட்டர் மட்டுமே உயர்த்துமானால், 12 மில்லிமீட்டரில் எடுத்த அளவால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

வாங்குவதென்று முடிவு செய்தவர்கள் ஹெட்டின் விலையை மட்டுமே கணக்கிடுகிறார்கள். கழற்றிய ஹெட்டில் விரிசல் சோதனை, வால்வு கைடு, இருக்கை, ஆயில் சீல், கேஸ்கெட், கப்பல் கூலி, 9 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி, கடைசியில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியைச் சரிசெய்யும் இசியு டியூனிங் என எல்லாம் சேரும். ஹெட்டின் அடிப்பரப்பு வளைந்திருந்தால் அதைச் சீவிச் சமமாக்க வேண்டும். சீவினால் அழுத்த விகிதம் கூடும், கேம் நேரமும் சற்றுப் பின்தங்கும். 4ஏ-ஜிஇயின் 20 வால்வு ஹெட் 16 வால்வு எஞ்சின்மேல் வேறு மாற்றங்கள் செய்யாமல் பொருந்தாது என்பது, அதை வாங்கி வைத்த பிறகே சிலருக்குத் தெரியவருகிறது.

சிங்கப்பூரில் நாள்களுக்கும் விலை உண்டு. கார் பட்டறையில் கிடக்கும் வாரங்களிலும் வாகன உரிமைச் சான்றிதழின் காலம் கரைந்துகொண்டே இருக்கும். விரைவுச்சாலைகளின் உச்சவரம்பே மணிக்கு 90 கிலோமீட்டர் என்பதால், நிமிடத்திற்கு 7000 சுழற்சிக்கு மேல் மட்டும் கிடைக்கும் வலுவை மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்திற்குச் செல்லும் நாள்களில்தான் உணர முடியும். எஞ்சினில் எதை மாற்றலாம் என்பதற்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளையும், வாகன ஆய்வில் பார்க்கப்படும் புகை அளவையும் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டறிய வேண்டும்.

இந்தக் காரணங்களால், காரில் உள்ள ஹெட்டைத் தொடாமல், அதே வகை ஹெட் இன்னொன்றை வாங்கி, சோதித்து, அதைக் குடையக் கொடுப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். வேலை முடியும்வரை கார் ஓடிக்கொண்டிருக்கும். சுவர் துளைபட்டாலும் இழப்பு அந்த ஒன்றோடு நிற்கும். ஆய்வில் சிக்கல் வந்தால் திரும்ப மாட்டுவதற்கு அசல் ஹெட் கையில் இருக்கும்.