அமைதியான நாவலுக்கு வாசக எதிர்வினை எழுதும் முறை

பெரிய சம்பவம் எதுவும் இல்லை. கதை சொல்வது மற்றவர்களைப் போல உலகைப் பார்க்காத ஒரு பிள்ளை. இப்படிப்பட்ட நாவலைப் படித்தவர்கள் "மனதைத் தொட்டது" என்றோ "ஒன்றுமே நடக்கவில்லை" என்றோ முடித்துக்கொள்கிறார்கள். இரண்டிலும் நாவலே இல்லை.

படிக்கும்போதே ஒரு தாளை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் கதைசொல்லி சொன்னது, வலப்பக்கம் நீங்கள் ஊகித்தது. பக்க எண் கட்டாயம். "அம்மா இன்று ஏழு முறை கை கழுவினாள்" என்று பிள்ளை எண்ணிக்கையை மட்டும் சொல்லும். அம்மாவின் பதற்றம் உங்களுக்குத்தான் புரியும். அந்த இடைவெளியில்தான் நாவல் உயிரோடிருக்கிறது. ஐந்தாறு இடங்கள் கிடைத்தால் எதிர்வினைக்குத் தாராளம்.

வடிவத்தையும் பாருங்கள். ஆங்கில எழுத்தாளர் மார்க் ஹேடனின் 2003 நாவலான 'The Curious Incident of the Dog in the Night-Time'-இல் ஒரு சிறுவன் கதை சொல்கிறான்; அத்தியாயங்கள் 2, 3, 5, 7 எனப் பகா எண்களாகவே செல்லும். அதைச் சொல்லாமல் அந்தச் சிறுவனைப் பற்றிப் பேசுவது அரைகுறை.

அதிகம் பேர் சறுக்குவது ஓரிடத்தில்: நூல் பெயரிடாத இயல்புக்கு மருத்துவப் பெயர் சூட்டுகிறார்கள். சூட்டியதுமே ஒவ்வொரு செயலும் நோயறிகுறியாகிறது, பிள்ளை காணாமல் போகிறது. செய்ததை எழுதுங்கள், முத்திரை வேண்டாம்.

சலிப்பு வந்ததா? மறைக்காதீர்கள். எந்தப் பக்கத்தில் என்று குறித்து, அங்கிருந்து பத்துப் பக்கம் பின்னே போய் மறுபடி படியுங்கள். திரும்பத் திரும்ப வரும் அன்றாடக் காட்சியில் ஒரு சொல் மாறியிருக்கலாம். அப்படியும் சலித்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

மேற்கோள் இரண்டு போதும். முடிவை வெளியிடாதீர்கள்.