இன்டேக் போர்ட்டை வீட்டில் ராவுபவர்கள் செய்யும் தவறுகள்

எஞ்சின் ஹெட்டில், அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் பாகத்தில், காற்று நுழையும் பாதைதான் இன்டேக் போர்ட். அதை ராவிச் சீராக்கப் பெரிய பட்டறை தேவையில்லை. எலிவால் அரம், அரைவட்ட அரம், எமரி தாள் சுற்றிய குச்சி, இவற்றோடு பொறுமையும் இருந்தால் வீட்டுத் திண்ணையிலேயே செய்யலாம். சிக்கல் என்னவென்றால், அரம் எளிதாக எட்டும் இடம் ஒன்று, காற்று உண்மையில் திணறும் இடம் வேறு. வீட்டில் ராவிக் கெடுத்த ஹெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால், எட்டிய இடத்தையெல்லாம் ராவியிருப்பது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

அப்படி எட்டும் இடம், காற்றை ஹெட்டுக்குக் கொண்டுவரும் குழாயான மேனிஃபோல்டு பொருந்தும் வாய்ப்பகுதி. இரண்டுக்கும் இடையே கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டை அதன்மேல் வைத்துக் கோடு கிழித்து, கோடு வரை அகலப்படுத்திவிடுகிறார்கள். உள்ளே இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் பாதை பழைய குறுகலிலேயே இருக்கிறது. வாயில் விரிந்த காற்று உடனே மறுபடி ஒடுங்க வேண்டியிருப்பதால் வேகத்தை இழக்கிறது. வாயில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: மேனிஃபோல்டின் துளை பெரிதாகவும் ஹெட்டின் துளை சிறிதாகவும் இருந்து, வரும் காற்று ஒரு விளிம்பில் முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டினால் அந்த விளிம்பை மட்டும் சாய்த்துவிடுங்கள்.

பாதை முழுவதையும் பெரிதாக்குவது இதைவிட மோசம். 28 மி.மீ. விட்டத்தை 30 ஆக்கினால் பரப்பு ஏறத்தாழ 15 சதவீதம் கூடும். குறைந்த சுழற்சியில் காற்றின் வேகம் அதற்கேற்ப இறங்கும். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் எஞ்சினை உச்சச் சுழற்சியிலேயே வைத்திருப்பவருக்கு இது பலன் தரலாம். சென்னை அண்ணா சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்புபவருக்குக் கிடைப்பது இழுவை குறைந்த கார்.

பலன் இருப்பது, வால்வு மூடும்போது உட்காரும் வளையமான வால்வு சீட்டுக்குக் கீழே உள்ள கிண்ணம் போன்ற பகுதியில். வால்வைக் கழற்றிவிட்டுச் சீட்டின் வழியாக விரலை நுழையுங்கள். தொழிற்சாலைக் கட்டர் நின்ற இடத்துக்கும் வார்ப்பின் சொரசொரப்பு தொடங்கும் இடத்துக்கும் இடையே ஒரு வரம்பு நகத்தில் தட்டும். அதைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக இழையவிடுவதுதான் இந்த வேலையின் உயிர். அதற்காகச் சீட்டுக்கு அடியில் பாதை ஒடுங்கும் கழுத்தை அளவின்றிக் குடைந்துவிடக் கூடாது. கழுத்து வால்வு விட்டத்தில் 85 முதல் 90 சதவீதம் வரை இருக்கலாம் என்பது பழகிய கணக்கு, 36 மி.மீ. வால்வுக்கு 31, 32 மி.மீ. போதும். வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடைத் தாங்கும் புடைப்பின் பக்கங்களை மெலிதாக்கலாம். ஆனால் அதை அடியோடு வெட்டினால் கைடுக்குப் பிடிமானம் குறையும்.

பாதையின் தரை வால்வை நோக்கித் திரும்பும் வளைவில் கை வைப்பதற்கு முன் நூறு முறை யோசியுங்கள். அங்கே உலோகத்தை எடுத்தால் காற்றுக்கு வழி நேராகும் என்று தோன்றும். நடப்பதோ வேறு. திருப்பம் கூராகிவிடுவதால் வேகமாக வரும் காற்று தரையை விட்டு விலகிச் சுழல்கிறது. இருக்கும் வளைவை எமரி தாளால் மழுங்க உருட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிண்ணத்தில் வேலை செய்யும்போது அரம் ஒருமுறை சறுக்கினால் சீட்டில் கீறல் விழும், கம்ப்ரஷன் கசியும். அரத்தின் நுனியை மட்டும் விட்டுவிட்டு மற்ற பகுதியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். லேத் பட்டறையில் சீட் வெட்டுவதை ராவும் வேலை முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சீட் வெட்டிவிட்டுப் பிறகு ராவுவது காசையும் உழைப்பையும் வீணாக்கும்.

போர்ட்டின் சுவருக்கு அந்தப் பக்கம் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஓடுகிறது. சுவர் எவ்வளவு தடிமன் என்பது வெளியிலிருந்து தெரியாது. புதுப்பேட்டையில் பழைய கார்களைப் பிரித்து விற்கும் கடைகளில் உங்கள் எஞ்சினுக்கான உடைந்த ஹெட் ஒன்றைத் தேடிப்பிடித்து, போர்ட்டின் நடுவே ஹாக்சாவால் அறுத்துப் பாருங்கள். மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினில் இருப்பது போன்ற அலுமினிய ஹெட் என்றால் அறுப்பதும் சிரமமில்லை. எந்தப் படிப்பும் தராத பாடம் அந்த வெட்டுமுகத்தில் இருக்கிறது. பழகுவதற்கும் அதே துண்டு உதவும். அலுமினியம் அரத்தின் பற்களில் அப்பிக்கொண்டு பரப்பைக் கிழிக்கும் என்பதால், அரத்தில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டு, அவ்வப்போது கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள்.

கண்ணாடிபோல் பளபளப்பாக்கும் ஆசையும் விட வேண்டிய ஒன்று. கார்புரேட்டர் எஞ்சினிலும் போர்ட்டில் பெட்ரோல் தெளிக்கும் எஞ்சினிலும், துளிகள் வழவழப்பான சுவரில் படிந்து ஓடையாக வழியும். 80-ஆம் நம்பர் எமரி விடும் சொரசொரப்பே இன்டேக்குக்குப் போதும். பளபளப்பை எக்ஸாஸ்ட் பக்கம் வைத்துக்கொள்ளலாம்.

எல்லாப் போர்ட்டுகளும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று கண்ணால் மதிப்பிடாதீர்கள். வால்வை கிரீஸ் தடவி உட்காரவைத்து, வாயின்மேல் துளையிட்ட அக்ரிலிக் தகட்டை ஒட்டி, சிரிஞ்சால் மண்ணெண்ணெய் விட்டு எத்தனை மில்லி பிடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில் நான்கு சிலிண்டருக்கு இரண்டே இன்டேக் போர்ட்டுகள் என்பதால், உள்ளே பிரியும் இரு கிளைகளின் வடிவத்தையும் தனியாக ஒப்பிட வேண்டும்.

ஹெட்டை எஞ்சினிலிருந்து இறக்காமல் ராவவே ராவாதீர்கள். பொடி சிலிண்டருக்குள் போனால் பிஸ்டனும் ரிங்கும் கீறிப்போகும். கண்ணாடியும் முகமூடியும் அணிந்துகொள்ளுங்கள். முடிந்ததும் சோப்பு கலந்த வெந்நீரில் கழுவி, வால்வு கைடுகளில் வெள்ளைத் துணியை இழுத்துப் பாருங்கள். சாம்பல் நிறம் ஒட்டினால் மறுபடி கழுவ வேண்டும். இரும்பு ஹெட் என்றால் துடைத்த கையோடு எண்ணெய் பூசிவிடுங்கள். கடற்காற்று வீசும் இந்த ஊரில் துரு பிடிக்க அதிக நேரம் ஆகாது.

பூட்டும்போது புதிய ஹெட் கேஸ்கெட்தான் போட வேண்டும். ஓட்டிப் பார்த்தபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். கார்புரேட்டர் வண்டியில் பிளக் நுனி வெளுத்திருந்தால், கூடிய காற்றுக்கு ஈடான பெட்ரோல் போகவில்லை. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக மாற்றி மறுபடி பார்க்க வேண்டும்.