அடம்பங்கொடியை விதையிலிருந்து வளர்ப்பது எப்படி?

கடற்கரை மணலில் ஊதாப் பூவோடு படர்ந்து கிடக்குமே, அதுதான் அடம்பங்கொடி. சர்க்கரைவள்ளிக்கிழங்குக்குச் சொந்தக்காரக் கொடி. சங்கப் பாட்டில் இதற்கு அடும்பு என்று பேர். இலை மான் குளம்பு மாதிரி கவட்டையாக இருக்கிறது என்கிறது ஒரு பாட்டு. தாவரவியல் பெயரிலோ அது ஆட்டுக் குளம்பாகிவிட்டது. எனக்கு மான்தான் சரியாகப் படுகிறது.

முதலில் விதை. காய்ந்து பழுப்பான காயை விரலால் நசுக்கினால் உள்ளே நாலு விதை வரை இருக்கும், மேலே வெல்வெட் மாதிரி மென்மயிர். கீழே உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கினாலே போதும், கொடியைப் பிடுங்காதீர்கள், அந்த மணல்மேடு பறந்து போகாமல் நிற்பதே அதன் வேரால்தான்.

அடுத்த வேலையில்தான் எல்லோரும் கோட்டை விடுவோம். முதல் தடவை பத்து விதையை அப்படியே ஊன்றிவிட்டு ஒன்றரை மாதம் தண்ணீர் ஊற்றினேன், ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. மாதக்கணக்கில் கடலில் மிதந்து கரை சேர்ந்து முளைக்கிற விதை அது, தோல் அவ்வளவு கெட்டி. அதனால் காம்பு ஒட்டியிருந்த தழும்புக்கு எதிர்ப்பக்கத்தை உப்புத்தாளில் தேயுங்கள். கறுப்புத் தோல் போய் உள்ளே வெளிறிய பருப்பு லேசாகத் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அப்புறம் ராத்திரி முழுக்க வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறட்டும். காலையில் உப்பியிருப்பது முளைக்கும். உப்பாததை மறுபடி தேய்க்க வேண்டியதுதான். (குழந்தைகள் வாயில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.)

வாய் அகலமான தொட்டியில் முக்கால் பங்கு ஆற்றுமணல், கால் பங்கு செம்மண், அடியில் நல்ல ஓட்டை. ஒரு விரல்கணு ஆழத்தில் ஊன்றி நல்ல வெயிலில் வையுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் முளை வரும், முதல் ஜோடி இலையே கவட்டையாகத்தான் இருக்கும்.

பொறுமை இல்லையா? தெரிந்தவர் தோட்டத்தில் இருந்தால் ஒரு முழம் தண்டு வாங்கி இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி படுக்க வைத்துப் புதையுங்கள், கணுவுக்குக் கணு வேர் விடும்.

வேர் பிடித்த பிறகு மேல்மணல் நன்றாகக் காய்ந்தால் மட்டும் தண்ணீர். உரமே வேண்டாம், சாணி உரம் போட்டால் இலைதான் கொழுக்கும், பூ வராது. பூ காலையில் விரிந்து சாயங்காலத்துக்குள் வாடிவிடும், ஆனால் கொடி வருஷக்கணக்கில் நிற்கும். பக்கத்துத் தொட்டிக்குள் நுழைந்தால் தயங்காமல் வெட்டுங்கள், கையில் பால் ஒட்டும், கழுவினால் போய்விடும்.