சான்றிதழுக்குப் பணம் கட்டும் முன்

"மேனேஜர் ஆகணும்னா என்ன படிக்கணும் மேடம்?" என்று என்னிடம் கேட்காத சூப்பர்வைசரே இல்லை. நான் தரக்கட்டுப்பாட்டில் டெக்னீஷியனாகச் சேர்ந்து, ஷிஃப்ட் சூப்பர்வைசராகி, இப்போது ஒரு பேக்கிங் ஆலையின் உற்பத்தி முழுவதையும் பார்த்துக்கொள்கிறேன். ஆளெடுக்கும் மேசையின் இந்தப் பக்கத்தில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "போன மாசம் எந்த இடத்துல கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னீங்க?"

அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரு சின்ன நோட்டு வாங்கி, நான்கு வாரம், வேலையில் திணறிய ஒவ்வொரு தடவையையும் ஒரே வரியில் எழுதுங்கள். தேதி, என்ன நடந்தது, எது தெரியாமல் போனது. அது போதும். மாதக் கடைசியில் எடுத்துப் பார்த்தால் ஒரே விதமான வரிகள் திரும்பத் திரும்ப வந்திருக்கும். பட்ஜெட் கூட்டத்தில் வாயடைத்துப் போகிறீர்களா, கெடு தவறிக்கொண்டே இருக்கிறதா, ஆட்களுக்குள் சண்டையைத் தீர்க்கத் தெரியவில்லையா? ஒவ்வொன்றுக்கும் படிப்பு வேறு. கணக்கு என்றால் சி.ஐ.எம்.ஏ. மாதிரி மேலாண்மைக் கணக்கியல். ஆட்கள் விஷயம் என்றால் மனிதவளச் சான்றிதழ்கள். திட்டமும் கெடுவும் என்றால் ப்ராஜெக்ட் நடத்துவதற்கான பி.எம்.பி. அல்லது பிரின்ஸ்2 சான்றிதழ். தரமும் கழிவும் என்றால், தவறுகளை அளந்து குறைக்கும் முறையான சிக்ஸ் சிக்மா.

அப்புறம், உங்களுக்கு மேலே இரண்டு படியில் இருக்கும் வேலைக்கான விளம்பரங்கள் இருபதைச் சேர்த்து வையுங்கள். அடுத்த படியை விட்டுவிடலாம். அதற்கு உங்கள் அனுபவமே பெரும்பாலும் போதும். அந்த இருபதிலும் 'அவசியம்' என்ற இடத்தில் எந்தச் சான்றிதழ் வருகிறது, 'இருந்தால் நல்லது' என்ற இடத்தில் எது வருகிறது என்று தனித்தனியாக எண்ணுங்கள். முதல் வகை இல்லாவிட்டால் உங்கள் ரெஸ்யூம் மனிதவளப் பிரிவைத் தாண்டி என் மேசைக்கே வராது. இரண்டாவது வகை, சமமான இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் உதவும். நோட்டிலும் வந்து, விளம்பரத்தில் முதல் வகையிலும் வருவது எதுவோ, அதுதான் உங்கள் படிப்பு.

யார் தருகிறார்கள் என்று பார்ப்பது அடுத்தது. இதில் நான் அடிபட்டவள். என் முதல் சான்றிதழ் ஒரு வருட 'மேலாண்மை டிப்ளமா'. வார விடுமுறை எல்லாவற்றையும் அதற்குக் கொடுத்தேன். முடித்துக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போனால், அந்த நிறுவனத்தின் பெயரை ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. பாடம் மோசமில்லை. ஆனால் நான் என்ன கற்றேன் என்பதற்கு வெளியே யாரும் ஏற்கும் சாட்சி இல்லை. அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. எம்.பி.ஏ. என்றால் கல்லூரிக்கோ அதன் படிப்புக்கோ ஏ.ஏ.சி.எஸ்.பி., ஆம்பா, ஈக்விஸ் என்ற சர்வதேச அங்கீகாரங்கள் மூன்றில் ஏதாவது ஒன்றாவது இருக்கிறதா என்று அந்த அமைப்புகளின் பட்டியலிலேயே நேராகத் தேடுங்கள். கல்லூரியின் விளம்பரத்தை மட்டும் நம்பாதீர்கள். சிக்ஸ் சிக்மாவில் இன்னும் கவனம் தேவை. 1986இல் மோட்டோரோலாவில் பிறந்த முறை அது. அதன் சான்றிதழ் நிலைகளுக்கு கிரீன், பிளாக் என்று பெல்ட் பெயர்கள்தான். ஆனால் பெல்ட் கொடுக்க உலகத்துக்கு ஒரே அமைப்பு என்று எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் கொடுக்கிறார்கள். அதனால் தேர்வோடு ஒரு உண்மையான ப்ராஜெக்டையும் முடிக்கச் சொல்கிற இடத்தில்தான் சேர வேண்டும் என்பேன்.

நான் அப்படி ஒரு இடத்தில்தான் கிரீன் பெல்ட் செய்தேன். எங்கள் லைனில் லேபிள் கோணலாக ஒட்டி ரிஜெக்ட் ஆவது அதிகமாக இருந்தது. "நைட் ஷிஃப்ட் பசங்க தூங்குறாங்க" என்பதுதான் எல்லோர் வாயிலும். நானும் அதை நம்பினேன். பயிற்சியில் 'அளவிடு' என்ற கட்டம் வந்தபோது, மெஷின் பக்கத்தில் ஒரு தாளைத் தொங்கவிட்டேன். ஒவ்வொரு ரிஜெக்டுக்கும் ஒரு கோடு, பக்கத்தில் மணி, கடைசியாக லேபிள் ரோல் மாற்றிய நேரம். இரண்டு வாரம் கழித்துத் தாள்களை வரிசையாகப் பரப்பினால், கோடுகளில் பாதிக்கு மேல் ரோல் மாற்றிய முதல் பத்து நிமிடத்துக்குள்ளேயே கொத்தாக விழுந்திருந்தன. பகலிலும் அப்படித்தான், இரவிலும் அப்படித்தான். சின்னச் சின்ன ஆர்டர்களை எல்லாம் நாங்கள் இரவுக்குத் தள்ளிவிட்டிருந்தோம். அதனால் இரவில் ரோல் மாற்றுவது அதிகம், ரிஜெக்டும் அதிகம். அவ்வளவுதான் விஷயம். அந்தப் பிள்ளைகளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். ரோலை நேராக வைக்க ஒரு அளவுக்குறி போட்டோம். ரிஜெக்ட் பளிச்சென்று இறங்கியது.

அடுத்த இன்டர்வியூவில் அந்தத் தாளின் கதையைத்தான் சொன்னேன். சான்றிதழை யாரும் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அது இல்லாமல் அந்த நாற்காலி வரை என்னால் போயிருக்கவும் முடியாது.

இதிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: ஒரு பாடம் முடிந்தால், அந்த வாரமே வேலையில் ஒரு இடத்திலாவது அதைப் போட்டுப் பார்ப்பது. நடந்ததை அந்த நோட்டிலேயே எழுதுவது. நான் ஆளெடுக்கும்போதும் இதைத்தான் தேடுகிறேன். "இதில் படித்த எதை வேலையில் செய்தீர்கள்?" என்று கேட்டால், ஐந்து சான்றிதழ் வைத்திருப்பவர் சில சமயம் பாடத்தைத்தான் ஒப்பிக்கிறார். ஒன்றே ஒன்று வைத்திருப்பவர் ஒரு தாளை எடுத்து வரைந்து காட்டுகிறார்.

பி.எம்.பி. பக்கம் போகிறவர்களுக்கு ஒரு சொல். விண்ணப்பமே பாதித் தேர்வு. நான் விண்ணப்பித்தபோது, பட்டதாரிகளுக்கு 36 மாதம் ப்ராஜெக்டுகளை நடத்திய அனுபவம், பட்டம் இல்லாதவர்களுக்கு 60 மாதம், அதோடு 35 மணி நேர வகுப்பு என்று கேட்டார்கள். ஒவ்வொரு ப்ராஜெக்டிலும் நான் என்ன செய்தேன் என்று எழுத வேண்டும். 'டீம்' என்ன செய்தது என்று எழுதினால் போதாது. சில விண்ணப்பங்களைத் தணிக்கைக்கு எடுப்பார்கள். அப்போது பழைய மேலதிகாரியின் ஒப்புதல் தேவைப்படும். அதனால் வேலை மாறும்போதே, ப்ராஜெக்டின் பெயர், தொடங்கிய, முடிந்த மாதம், உங்கள் பங்கு, மேலதிகாரியின் தொடர்பு விவரம் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதி வைக்காததால் மூன்று வருடத்துக் கதையைப் பழைய மின்னஞ்சல்களில் தேடி எடுக்க ஒரு மாதம் போனது.

வாங்கிய பிறகும் செலவு இருக்கிறது. பி.எம்.பி.யைத் தக்கவைக்க மூன்று வருடத்துக்கு ஒருமுறை 60 புள்ளி பயிற்சி காட்ட வேண்டும், கட்டணமும் உண்டு. வேலையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து நடத்தும் ஸ்க்ரம் முறையில் சி.எஸ்.எம். சான்றிதழ் என்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதே முறையின் இன்னொரு சான்றிதழான பி.எஸ்.எம். காலாவதி ஆகாது. சேரும் முன்பே இதைக் கணக்கில் எடுங்கள். கம்பெனி கட்டணம் தருமா என்றும் கேளுங்கள், ஆனால் எத்தனை வருடம் அங்கேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

எம்.பி.ஏ. எப்போது? ஆட்களை வைத்து மூன்று நான்கு வருடமாவது வேலை வாங்கிய பிறகு என்பது என் கருத்து. வகுப்பில் ஒரு கம்பெனியின் சிக்கலைப் பேசும்போது, அதைப் போல ஒன்றைப் பட்டுத் தெரிந்தவர் கேட்கும் கேள்வியே வேறாக இருக்கும். ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும் என்றால் எம்.பி.ஏ.வைப் போலக் கைகொடுப்பது வேறில்லை. இருக்கும் இடத்திலேயே ஒரு படி ஏறத்தான் என்றால், அவ்வளவு பெரிய கடன் வேண்டுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள்.

எங்கள் பேக்கிங் சூப்பர்வைசர் ஒரு பெண், போன வருடம் பி.எம்.பி. படிக்க வேண்டும் என்று வந்தாள். நோட்டுப் போடச் சொன்னேன். நான்கு வாரத்தில் ஒன்பது வரி. ஆறு வரி பணம் சம்பந்தப்பட்டது: செலவுக் கணக்குத் தாள் புரியவில்லை, புது மெஷின் கேட்டபோது ஏன் மறுத்தார்கள் என்று புரியவில்லை. பி.எம்.பி.யை ஒதுக்கிவிட்டு மேலாண்மைக் கணக்கியலில் அடிப்படைச் சான்றிதழுக்குச் சேர்ந்தாள். போன மாதம் அதே மெஷினை மறுபடியும் கேட்டாள். இந்தத் தடவை கையில் ஒரு பக்கக் கணக்கு இருந்தது, போட்ட பணம் எத்தனை மாதத்தில் திரும்பும் என்று. நிதி மேலாளர் அவளிடம் இரண்டு கேள்வி கேட்டார். இரண்டுக்கும் பதில் அந்தத் தாளிலேயே இருந்தது.