லாரி கேபினில் ஹாம் ஆன்டெனா: தேர்வு செய்வதும் பொருத்துவதும் (காரைக்குடி வட்டார வண்டிகளுக்கு)

புதுவயல் அரிசி ஆலையிலிருந்து மூட்டை ஏற்றிப் போகும் லாரியோ, தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போய்வரும் கன்டெய்னர் ட்ரெய்லரோ, அதில் 2 மீட்டர் அலைவரிசை ஹாம் ரேடியோ (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காகப் பேசும் அமெச்சூர் வானொலி) பொருத்தப் போகிறவர்களுக்காக இது. இணையத்தில் கிடைக்கும் வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்க லாரிகளை வைத்து எடுத்தவை. அந்த வண்டிகள் 12 வோல்ட். நம் கனரக வண்டிகள் 24 வோல்ட். அங்கே இன்ஜின் நீண்ட மூக்குக்குள் இருக்கும். இங்கே இன்ஜினைப் பார்க்க கேபினையே முன்னால் சாய்க்க வேண்டும். இந்த இரண்டு வித்தியாசமும் தெரியாமல் வேலையில் இறங்கினால் ரேடியோ கருகும், இல்லையென்றால் கேபிள் அறுந்துபோகும்.

உரிமம் இல்லாமல் மைக்கைத் தொட வேண்டாம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் அமெச்சூர் உரிமமும், உங்களை அடையாளம் காட்டும் அழைப்புக்குறியும் வேண்டும். வாகனத்தில் இயக்குவதற்கான நிபந்தனைகளையும் படித்துக்கொள்ளுங்கள். லோடு எங்கே இறக்குவது, வாடகை எவ்வளவு என்கிற தொழில் பேச்சுக்கு இந்த அலைவரிசையில் இடமில்லை. அதற்கு செல்போன் இருக்கிறது. பெட்ரோல், கேஸ் டேங்கர்களுக்குப் பாதுகாப்பு விதிகள் வேறு, அவற்றுக்கு இந்த முறை பொருந்தாது.

எந்த ஆன்டெனா?

கடைக்குப் போகும் முன் ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு கேபின் கூரை மேல் ஏறுங்கள். காந்தம் ஒட்டினால் இரும்புத் தகடு. ஒட்டாவிட்டால் ஃபைபர் அல்லது அலுமினியம். எந்த ஆன்டெனா என்பதைப் பாதிக்கு மேல் இதுவே முடிவு செய்துவிடும். கண்ணுக்குத் தெரியும் கம்பி ஆன்டெனாவின் ஒரு பாதிதான். மறுபாதி அதன் கீழே விரிந்திருக்கும் உலோகத் தகடு. தகடு இல்லாத இடத்தில் எவ்வளவு விலையுயர்ந்த கம்பியை நட்டாலும் சரியாக வேலை செய்யாது.

இரும்புக் கூரை என்றால் கால் அலைநீளக் கம்பி போதும். நம் நாட்டில் 2 மீட்டர் அலைவரிசை 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. நடுவில் 145ஐ எடுத்துக்கொண்டு 300ஐ அதால் வகுத்தால் அலைநீளம் 2.07 மீட்டர். அதில் கால் பங்கு 51.7 செ.மீ.; கம்பியின் தடிமனுக்காக 5 விழுக்காடு கழித்தால் சுமார் 49 செ.மீ. கம்பியைச் சுற்றி எல்லாப் பக்கமும் அரை மீட்டர் தகடு இருந்தால் நல்லது.

கூரை ஃபைபராக இருந்தாலோ, காற்றைத் தள்ளும் ஃபைபர் தடுப்பு கூரை முழுவதையும் மூடியிருந்தாலோ, தரைத்தளம் (கீழே விரியும் அந்த உலோகத் தகடு) தேவையில்லை என்று குறிப்பிட்டு விற்கும் அரை அலைநீள ஆன்டெனாவை வாங்குங்கள். சுமார் 1 மீட்டர் உயரம் இருக்கும். 434–438 மெகாஹெர்ட்ஸிலும் பேச வேண்டுமென்றால் இதே உயரத்தில் இரட்டை அலைவரிசை வகைகள் கிடைக்கின்றன. அவற்றில் தரைத்தளம் தேவைப்படுபவையும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

எட்டில் ஐந்து அலைநீள ஆன்டெனாவைக் கடைக்காரர் புகழ்வார். செட்டிநாடு போன்ற சமவெளியில் அது கொஞ்சம் கூடுதல் தூரம் தருவது உண்மைதான். ஆனால் உயரம் 1.25 மீட்டருக்கு மேல். கேபின் கூரையே தரையிலிருந்து 3 மீட்டர் அளவில் இருக்கும்போது நுனி 4 மீட்டரைத் தாண்டிவிடும். கானாடுகாத்தான், பள்ளத்தூர் தெருக்களில் வீட்டுக்கு வீடு போகும் மின்கம்பிகளையும், சாலையோரப் புளியங்கிளைகளையும் நினைத்துப் பாருங்கள். முதல் ஆன்டெனாவுக்குக் கால் அலைநீளமே சரியான தேர்வு.

வாங்க வேண்டியவை

- ஆன்டெனா 1
- ஆன்டெனாவைத் திருகி மாட்ட, 19 மி.மீ. துளையில் உட்காரும் என்.எம்.ஓ. மவுண்ட் 1, அல்லது 3 மி.மீ. தடிமனுள்ள துருப்பிடிக்காத எஃகு எல்-பிராக்கெட் 1
- கோஆக்ஸ் கேபிள் (நடுக்கம்பியைச் சுற்றி உலோக வலை உள்ள ஆன்டெனா கேபிள்) 5 மீட்டர், அதை ரேடியோவில் மாட்ட பி.எல்.259 கனெக்டர் 1
- 24 வோல்ட்டை 13.8 ஆக்கும் கன்வெர்ட்டர், தொடர்ச்சியாக 20 ஆம்பியர் தரக்கூடியது
- 4 சதுர மி.மீ. சிவப்பு, கறுப்பு வயர், தேவையான நீளம்
- 15 ஆம்பியர் ஃபியூஸ் ஹோல்டருடன் 1
- தாமிரப் பின்னல் பட்டை 2, பல் வாஷர்கள், தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்

கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆர்.ஜி.58 வகையில் 5 மீட்டருக்குள் 145 மெகாஹெர்ட்ஸில் ஐந்தில் ஒரு பங்கு ஆற்றல் வீணாகும். 435இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். மெல்லிய ஆர்.ஜி.174 இன்னும் மோசம். மிச்சக் கேபிளைச் சுருட்டி சீட்டுக்கு அடியில் வைக்காமல் வெட்டிவிடுங்கள்.

இடம் பார்ப்பது

கூரையின் நடுப்பகுதிதான் சிறந்த இடம். ஆனால் நம் லாரியில் அங்கே தார்ப்பாயும் கயிறும் ஏற்றும் கேரியர் இருக்கும். கிளீனர் கயிற்றை வீசும்போது முதல் அடி ஆன்டெனாவுக்குத்தான். கேரியர் உள்ள வண்டியில் கேபினின் பின் விளிம்பில் எல்-பிராக்கெட் வைப்பது நல்லது, அதுவும் வலது ஓரத்தில். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் மரக்கிளைகள் இடது ஓரத்தைத்தான் உரசும். ஏர் இன்டேக் குழாய், ஹார்ன், இரும்புக் கேரியர் கம்பிகளிலிருந்து அரை மீட்டராவது விலகியிருக்கட்டும்.

கன்டெய்னர் வண்டிக்கு ஒரு குறையை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். 8 அடி 6 அங்குல இரும்புப் பெட்டி ட்ரெய்லர் மேல் ஏறினால் கேபினைவிட உயர்ந்து நிற்கும். பின்பக்கம் சிக்னல் குறையும். ஆன்டெனாவைக் கூரையின் முன்பாதிக்குக் கொண்டுபோனால் கொஞ்சம் சமாளிக்கலாம். பெட்டியை மிஞ்சும் உயரத்துக்கு நீளக் கம்பி நடுவது தீர்வல்ல. மின்மயமான ரயில் பாதையின் கேட்டில் தலைக்கு மேல் ஓடுவது 25,000 வோல்ட். நுனி வரை டேப்பால் அளந்து, கேட்டுக்கு முன்னாலிருக்கும் உயரச் சட்டத்தில் எழுதியுள்ள அளவோடு ஒப்பிட்டு, அந்த எண்ணை டேஷ்போர்டில் ஒட்டிவையுங்கள்.

பக்கவாட்டுக் கண்ணாடியைத் தாங்கும் கம்பியில் ஆன்டெனாவை மாட்டலாமா? மாட்டலாம், ஆனால் அந்தக் கம்பி ரப்பர், பிளாஸ்டிக் இடையீட்டோடு பொருத்தப்பட்டிருந்தால் கேபினோடு மின்தொடர்பு இருக்காது. தவிர, 50 வாட்டில் ஒலிபரப்பும் கம்பி ஓட்டுநரின் தலைக்கு ஒரு முழ தூரத்தில் இருப்பதும் நல்லதல்ல.

பொருத்துதல்

உள்பக்கக் கூரை விரிப்பைக் கழற்றுங்கள். விளக்கு வயர் எங்கே போகிறது என்று பார்த்த பிறகே துளை. மையத்தில் பஞ்ச் அடித்து, 3 மி.மீ. டிரில்லால் வழி திறந்து, 19 மி.மீ. ஹோல்-சாவால் மெதுவாக வெட்டுங்கள். பிசிறை அரத்தால் தேய்த்து எடுங்கள்.

இனி எல்லாரும் அவசரப்படும் இடம். மவுண்டின் பற்கள் கடிக்கும் அடிப்பக்கத்தில் பெயின்ட்டை வட்டமாகச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிய வேண்டும். துளையின் விளிம்புக்கும் வெளிப்பக்கத்துக்கும் சிங்க் பிரைமர், அடிப்பக்கத்தில் இறுக்கிய பின் கிரீஸ். மல்ட்டிமீட்டரில் மவுண்டின் வெளி உலோகத்துக்கும் கேபின் தகட்டுக்கும் இடையே அரை ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். எல்-பிராக்கெட் என்றாலும் இதே சோதனை. ஒவ்வொரு போல்ட்டிலும் பல் வாஷர். (உலோக அரிப்பையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1948இல் காரைக்குடியில்தான் அடிக்கல் நாட்டினார்கள். அந்த ஊர் வண்டியில் பிரைமர் அடிக்காமல் விடுவது அநியாயம்.)

காந்த மவுண்ட் சோதனைக்கு மட்டும். அடியில் செம்மண் தூசி சேர்ந்து பெயின்ட்டைத் தேய்க்கும், மழைநீர் தேங்கித் துருப்பிடிக்கும், வேகத்தில் கிளை பட்டால் நகரும்.

கேபிளைக் கூரையிலிருந்து கதவுத் தூண் வழியாக உள்ளேயே இறக்குங்கள். ஆன்டெனா, கேபிள், ரேடியோ மூன்றும் கேபினோடு சேர்ந்து சாய்வதால் அவற்றுக்கு இழுவை இல்லை. கேபினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் பேட்டரி வயருக்குத்தான் ஆபத்து. கம்பெனி வயரிங் கட்டு போகும் வழியிலேயே அதையும் கொண்டுபோய், கீல் அருகே 40 செ.மீ. தொங்கல் விடுங்கள். ஒருமுறை கேபினை முழுக்கச் சாய்த்துப் பாருங்கள். சாய்க்கும் முன் கம்பியைக் கழற்றாவிட்டால் பட்டறைச் சுவரில் இடித்து வளையும். கேபின் ரப்பர் புஷ் மேல் உட்கார்ந்திருப்பதால், கேபினுக்கும் சேஸிஸுக்கும் இடையே பின்னல் பட்டை இரண்டைத் தளர்வாகப் போடுங்கள், இரைச்சல் குறையும்.

வெளியில் உள்ள இணைப்புகளுக்கு ரப்பர் டேப். சாதாரண பி.வி.சி. டேப்பின் பசை சித்திரை வெயிலில் உருகி, ஐப்பசி மழையில் தண்ணீரை உள்ளே விடும். தண்ணீர் புகுந்த கேபிளைக் காயவைக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

24 வோல்ட்

இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருக்கும். ஒன்றிலிருந்து மட்டும் ரேடியோவுக்கு வயர் இழுப்பது பட்டறைகளில் சகஜம். அப்படிச் செய்தால் ஒரு பேட்டரி காலியாகிக்கொண்டே போகும், மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும். கடைசியில் இரண்டும் கெடும். கன்வெர்ட்டரின் உள்ளீட்டை முழு 24இலிருந்து எடுங்கள். 50 வாட் ரேடியோ பேசும்போது 13.8 வோல்ட்டில் 11 ஆம்பியர் வரை இழுக்கும். 24 பக்கத்தில் அது 7 ஆம்பியர் அளவு. 15 ஆம்பியர் ஃபியூஸை பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் வையுங்கள்.

பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் நெகட்டிவ் பக்கம் உள்ள வண்டியில், கறுப்பு வயரை நேராக பேட்டரிக்குக் கொடுக்காதீர்கள். சுவிட்சுக்கு அடுத்த சேஸிஸ் பக்கத்தில் கொடுங்கள். இல்லையென்றால் சுவிட்சை அணைத்த பிறகும் வண்டியின் மின்னோட்டம் ஆன்டெனா கேபிளின் மேல்வலை வழியாகத் திரும்பும், யாராவது செல்ஃப் அடித்தால் கேபிள் புகையும்.

அளந்து வெட்டுதல்

அனுப்பும் ஆற்றல் ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் (எண் 1ஐ நெருங்க நெருங்க நல்லது) 145 மெகாஹெர்ட்ஸுக்கானதாக இருக்க வேண்டும். 27 மெகாஹெர்ட்ஸ் சி.பி. ரேடியோவுக்கான மீட்டர் பொய் சொல்லும். தகரக் கொட்டகைக்குள் அளக்காதீர்கள், ஆலை களம் மாதிரி திறந்த இடத்துக்கு வண்டியை எடுத்துப் போங்கள். குறைந்த ஆற்றலில், யாரும் பேசாத நேரத்தில், அழைப்புக்குறி சொல்லி 144.2, 145, 145.8இல் அளந்து எழுதுங்கள்.

144.2இல் குறைவாகவும் 145.8இல் அதிகமாகவும் இருந்தால் கம்பி நீளம் அதிகம். 3.4 மி.மீ. வெட்டினால், எண் மிகக் குறைவாகக் காட்டும் இடம் சுமார் 1 மெகாஹெர்ட்ஸ் மேலே நகரும்; எனவே ஒரு தடவைக்கு 2 மி.மீ.க்கு மேல் வெட்ட வேண்டாம். 145.8இல் குறைவு என்றால் கம்பி குட்டை, செட் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கொஞ்சம் வெளியே இழுங்கள். 1.5க்குக் கீழே வந்தால் நிறுத்திவிடலாம். மூன்று இடத்திலும் 3க்கு மேல் காட்டினால் கம்பியில் கை வைக்காதீர்கள். குற்றம் பெயின்ட் சுரண்டாத மவுண்டில் இருக்கும், அல்லது கனெக்டருக்குள் வலையின் ஓர் இழை நடு ஊசியைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் சீழ்க்கை கேட்டால் ஆல்டர்னேட்டர். மாறாத இரைச்சல் என்றால் கன்வெர்ட்டரைச் சந்தேகப்படுங்கள். அதை ரேடியோவிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்து, வயர்களுக்கு ஃபெரைட் வளையம் போடுங்கள்.

தொண்டி, மீமிசல் கடலோரப் பக்கம் அடிக்கடி போகும் வண்டிக்கு மாதம் ஒருமுறை மவுண்டைக் கழற்றிப் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பட்டறையில் எங்கே வெல்டிங் வைத்தாலும், அதற்கு முன் ஆன்டெனா கனெக்டரையும் பவர் வயரையும் ரேடியோவிலிருந்து கழற்றிவிடுங்கள்.